ஷூ கம்பெனியின் எஸ்.ஏ.பி.யில் வெப் சர்வீஸ்: புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு

பாலாற்றை ஒட்டிய ஊர்களில், ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ மேல்விஷாரத்திலோ ராணிப்பேட்டையிலோ, ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியின் ஐ.டி. பிரிவில் நீங்கள் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்கிறேன். காட்பாடியிலோ பாகாயத்திலோ இன்ஜினியரிங் முடித்த கையோடு வந்திருக்கலாம். அதே கம்பெனியில் பிரிண்டரும் நெட்வொர்க்கும் பார்த்துக்கொண்டிருந்தவராகவும் இருக்கலாம். ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் நடத்தும் எஸ்.ஏ.பி. மென்பொருள் அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கன்சல்டன்ட் வந்து மூன்று நான்கு வெப் சர்வீஸைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். இனி அவை உங்கள் பொறுப்பு. புரோகிராம் எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இந்த வேலைக்கு அது அவசியமில்லை.

ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளை நெட்வொர்க் வழியாகக் கூப்பிட்டு வேலை வாங்குவதுதான் வெப் சர்வீஸ். ஜெர்மனியில் இருக்கும் பையர் தன் கணினியிலிருந்து ஆர்டரை நேராக உங்கள் எஸ்.ஏ.பி.க்குள் போடுகிறார் என்றால் அங்கே நீங்கள் புரொவைடர். இன்வாய்ஸ் போட்டதும் உங்கள் எஸ்.ஏ.பி. அரசின் இ-இன்வாய்ஸ் தளத்தைக் கூப்பிட்டு எண் வாங்குகிறது என்றால் அங்கே நீங்கள் கன்ஸ்யூமர். முதல் வகை இன்னும் பெரும்பாலும் சோப் முறையில், எக்ஸ்.எம்.எல். கடிதமாக நடக்கிறது. சோப் 1.1 வெளிவந்தது 2000-ல், 1.2 வந்தது 2003-ல். பழசுதான், ஆனாலும் பெரிய கம்பெனிகள் அதை இன்னும் விடவில்லை. இரண்டாம் வகை ரெஸ்ட் முறையில், ஜேசான் வடிவில் போகிறது. இரண்டையும் நீங்கள்தான் பார்த்தாக வேண்டும்.

ஒரு குறிப்பு: கீழே வரும் டி-கோடுகளை (எஸ்.ஏ.பி.யில் ஒரு திரையைத் திறக்கத் தட்டும் சிறு பெயர்கள்) தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

எதையும் தொடும் முன் பட்டியல்

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒரு எக்செல் ஷீட் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வெப் சர்வீஸையும் ஒரு வரியாக எழுதுங்கள். சர்வீஸின் பெயர், உள்ளே வருவதா வெளியே போவதா, எதிர்முனையில் யார், முழு யூ.ஆர்.எல்., எந்த கிளையன்ட் எண் (ஒரே எஸ்.ஏ.பி. சிஸ்டத்துக்குள் தனித்தனியாக இருக்கும் பகுதியின் எண்), எந்த யூசர், எந்த சான்றிதழ், அது எப்போது காலாவதி, கோளாறு வந்தால் எதிர்முனையில் யாருக்கு போன் செய்வது. கடைசி இரண்டு பத்தியும்தான் முக்கியம், பெரும்பாலான கம்பெனிகளில் காலியாகக் கிடப்பதும் அவைதான்.

விவரம் எங்கே கிடைக்கும்? புரொவைடர் பக்கமும் சோப் கன்ஸ்யூமர் பக்கமும் எஸ்.ஓ.ஏ.மேனேஜர் என்ற, வெப் சர்வீஸ்களை அமைக்கும் திரையில் இருக்கும். ரெஸ்ட் வழியாக வெளியே போகும் அழைப்புகள் எஸ்.எம்.59-ல் ஜி வகை டெஸ்டினேஷன்களாக, அதாவது சேமித்துவைத்த எதிர்முனை முகவரிகளாக, இருக்கும். எஸ்.எம்.59-ல் எச் என்றும் ஒரு வகை உண்டு. அது இன்னொரு எஸ்.ஏ.பி. சிஸ்டத்துக்கான ஹெச்.டி.டி.பி. இணைப்பு. ஜி என்பது வெளி உலகத்துக்கு. ரொம்பப் பழைய சிஸ்டமாக இருந்தால் டபிள்யூ.எஸ்.கான்ஃபிக், எல்.பி.கான்ஃபிக் என்ற பெயர்கள் பழைய ஆவணங்களில் தென்படும். அவற்றின் வேலையை இப்போது எஸ்.ஓ.ஏ.மேனேஜர்தான் செய்கிறது.

ஒரு அழைப்பு எங்கெங்கே நிற்கலாம்

வெளியிலிருந்து வரும் அழைப்பு வரிசையாகச் சில இடங்களைக் கடக்கிறது: உங்கள் ஃபயர்வால், எஸ்.ஏ.பி.யின் ஐ.சி.எம்., எஸ்.ஐ.சி.எஃப். மரம், லாகின், ஆத்தரைசேஷன், கடைசியாக உள்ளே இருக்கும் புரோகிராமும் அதன் டேட்டாவும். கோளாறு வந்ததும் எல்லாத் திரைகளையும் திறந்து பார்ப்பவர்கள் உண்டு. தேவையில்லை. வந்த பதிலே அது எங்கே நின்றது என்று சொல்லிவிடும். அந்த இடத்தை மட்டும் பாருங்கள். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிக் கட்டுரை எளிதாகப் புரியும்.

ஐ.சி.எம். என்பது ஹெச்.டி.டி.பி. பேச்சை வாங்கி உள்ளே கொடுக்கும் புராசஸ். எஸ்.எம்.ஐ.சி.எம். திரையில் கோடூ மெனுவில் சர்வீசஸ் என்பதை அழுத்தினால் எந்த போர்ட் திறந்திருக்கிறது என்று தெரியும். வழக்கமாக ஹெச்.டி.டி.பி.க்கு 80-ஐயும் ஹெச்.டி.டி.பி.எஸ்.ஸுக்கு 443-ஐயும் போட்டு, பின்னால் இன்ஸ்டன்ஸ் எண்ணை (ஓடும் எஸ்.ஏ.பி. சர்வரின் இரண்டிலக்க எண்) சேர்ப்பார்கள். இன்ஸ்டன்ஸ் 00 என்றால் 8000, 44300. அதே திரையில் புராசசிங் டைம்அவுட் என்று ஒரு பத்தி உண்டு, விநாடிக் கணக்கில். பெரிய ஆர்டர் வரும்போது மட்டும் இணைப்பு அறுந்துபோகிறது என்று பையர் சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

இந்த போர்ட்டை அப்படியே இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள். முன்னால் எஸ்.ஏ.பி.யின் வெப் டிஸ்பாட்சரோ வேறொரு ரிவர்ஸ் பிராக்ஸியோ (வெளி அழைப்பை முதலில் வாங்கி உள்ளே அனுப்பும் இடைச் சர்வர்) இருக்க வேண்டும், அதுவும் தேவையான பாதையை மட்டும் உள்ளே விட வேண்டும். 2022 பிப்ரவரியில் ஐ.சி.எம்.மிலேயே ஒரு ஓட்டை வெளியானது. சிவிஇ-2022-22536 என்பது அதன் எண், தீவிரம் 10-க்கு 10. லாகின் ஏதும் இல்லாமலே தாக்க முடிகிற ஓட்டை. அது வெப் டிஸ்பாட்சரையும் பாதித்தது, ஆகவே முன்னால் ஒன்றை நிறுத்தியதோடு வேலை முடிந்துவிடாது, பேட்ச்சும் போட வேண்டும். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று எஸ்.ஏ.பி. பாதுகாப்புக் குறிப்புகளை வெளியிடும். அன்று அரை மணி நேரம் ஒதுக்கி, ஐ.சி.எம்., வெப் டிஸ்பாட்சர் பெயர் அதில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது எஸ்.ஐ.சி.எஃப். இங்கே பாதைகள் மரம்போல விரியும். சோப் சர்வீஸ்கள் எல்லாம் சாப், பிசி, எஸ்.ஆர்.டி. என்ற கிளைக்குக் கீழே வரும். கறுப்பு எழுத்தில் இருப்பது விழித்திருக்கிறது, சாம்பல் நிறத்தில் இருப்பது தூங்குகிறது. வலது பொத்தானை அழுத்தி ஆக்டிவேட் செய்யலாம். மேல் கிளையைப் பிடித்து எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுப்பும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது வேண்டாம். நாளைக்கு ஆடிட்டர் வந்து 'இது எதற்குத் திறந்திருக்கிறது' என்று கேட்டால் பதில் இருக்காது. எஸ்.ஓ.ஏ.மேனேஜரே உலாவியில் திறக்கும் ஒரு வெப் டைன்புரோ திரைதான் என்பதால், அது திறக்காவிட்டால் எஸ்.ஐ.சி.எஃப்.பில் வெப்டைன்புரோ கிளையின் கீழ் உள்ள அப்ளிகேஷன் சோப் மேனேஜ்மென்ட் கிளை தூங்குகிறதா என்று பாருங்கள்.

புதிய சிஸ்டமாக இருந்தால் எஸ்.ஆர்.டி. அட்மின் என்ற டி-கோடில் டெக்னிக்கல் செட்டப்பை ஒருமுறை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் தனியாக. சரிபார்க்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. பச்சை விளக்கு வந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

புரொவைடர்: பைண்டிங் போடுவது

சோப் சர்வீஸின் வரையறையை டெவலப்பர் செய்து கொடுப்பார். அதை வெளியிலிருந்து கூப்பிடும்படி ஆக்குவது உங்கள் வேலை. வரையறை இருந்தால் மட்டும் போதாது, அதற்கு ஒரு முகவரியும் பாதுகாப்பு விதியும் வேண்டும். இந்த இரண்டையும் கொடுப்பதுதான் பைண்டிங்.

எஸ்.ஓ.ஏ.மேனேஜர் உலாவியில் திறக்கும். சர்வீஸ் அட்மினிஸ்ட்ரேஷன் தாவலில் வெப் சர்வீஸ் கான்ஃபிகரேஷன் என்பதை எடுங்கள். சர்வீஸ் பெயரைத் தேடி, கிளிக் செய்து, கான்ஃபிகரேஷன்ஸ் பக்கத்தில் கிரியேட் சர்வீஸ் என்பதை அழுத்துங்கள். சர்வீஸுக்கு ஒரு பெயர், பைண்டிங்குக்கு ஒரு பெயர் கேட்கும். கண்டதை வைக்காதீர்கள். யாருக்காக என்பது பெயரிலேயே தெரிய வேண்டும், ஏனென்றால் இந்தப் பெயர் யூ.ஆர்.எல்.லின் ஒரு பகுதியாகிவிடும். பையர் அதைத் தன் பக்கம் பதித்துவிட்ட பிறகு மாற்ற மனம் வராது.

அடுத்த படியில் பாதுகாப்பு. டிரான்ஸ்போர்ட் கேரண்டி என்ற இடத்தில் ஹெச்.டி.டி.பி.எஸ்.ஸைத் தேர்ந்தெடுங்கள். உள் நெட்வொர்க்குக்குள் மட்டும் ஓடுவது என்றாலும் இதைத்தான் சொல்வேன். யார் கூப்பிடுகிறார்கள் என்று உறுதிசெய்ய யூசர் ஐ.டி.-பாஸ்வேர்டு, எக்ஸ்.509 கிளையன்ட் சான்றிதழ் என்று வழிகள் உண்டு. சான்றிதழ் உறுதியானது, ஆனால் இரு பக்கமும் ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும். எதிர்முனையில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் மட்டும் அதற்குப் போங்கள். 'நோ ஆதென்டிகேஷன்' என்றும் ஒரு வசதி அங்கே இருக்கும். டெஸ்டில்கூட அதைத் தொட வேண்டாம். டெஸ்டில் போட்டதைப் பார்த்தே புரொடக்ஷனிலும் போடுவோம் என்பதால் அது அங்கும் அப்படியே போய் உட்கார்ந்துகொள்ளும்.

மீதிப் படிகளில் இருப்பதை மாற்ற எப்போதாவதுதான் அவசியம் வரும். ஃபினிஷ் அழுத்தினால் பைண்டிங் தயார். அதற்கான டபிள்யூ.எஸ்.டி.எல். கோப்பை (சர்வீஸை எப்படிக் கூப்பிடுவது என்ற விவரம்) திறந்து, அதில் இருக்கும் முகவரியைக் கவனமாகப் படியுங்கள். பெரும்பாலும் அது உங்கள் சர்வரின் உள் பெயரையும் உள் போர்ட்டையும்தான் காட்டும். அதை அப்படியே பையருக்கு அனுப்பினால் அவரால் எட்ட முடியாது. வெளியே தெரியும் பெயரை மாற்றிப் போட்டு அனுப்புங்கள், அல்லது அந்தப் பெயரே வரும்படி சிஸ்டத்தில் அமைத்துக்கொள்ளுங்கள். யூ.ஆர்.எல்.லுக்கு நடுவில் ஒரு மூன்றிலக்க எண் இருக்கும். அதுதான் கிளையன்ட். டெஸ்ட் கிளையன்ட்டின் எண்ணோடு போன கோப்பால் புரொடக்ஷன் ஆர்டர் டெஸ்டில் வந்து விழுவது நடக்கிற விஷயம்தான்.

யூசரும் ரோலும்

ஒவ்வொரு எதிர்முனைக்கும் ஒரு தனி யூசர். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். எல்லாருக்கும் பொதுவாக ஒரே யூசர் வைத்தால், ஒருவருடைய பாஸ்வேர்டை மாற்றும் நாளில் மற்ற எல்லோருக்கும் இணைப்பு நின்றுவிடும். யார் எதை மாற்றினார்கள் என்று லாக்கிலும் தெரியாது.

எஸ்.யூ.01-ல் யூசர் வகையை சிஸ்டம் என்று வையுங்கள். டயலாக் வகை வேண்டாம். சிஸ்டம் வகை யூசரை வைத்து யாரும் திரையில் நுழைய முடியாது, பாஸ்வேர்டு காலாவதியாகி நடுராத்திரியில் சர்வீஸ் நிற்கவும் செய்யாது. காலாவதி ஆகாது என்பதாலேயே பாஸ்வேர்டை நீளமாக வையுங்கள்.

ரோலை, அதாவது யூசருக்கான அனுமதிகளின் தொகுப்பை, பி.எஃப்.சி.ஜி.யில் கட்ட வேண்டும். எந்த சர்வீஸைத் தொடங்கலாம் என்பதை எஸ்-சர்வீஸ் என்ற ஆப்ஜெக்ட் தீர்மானிக்கிறது. அதில் உங்கள் சர்வீஸின் பெயரை மட்டும் கொடுங்கள், நட்சத்திரக் குறி போடாதீர்கள். அதற்கு மேல், உள்ளே நடக்கும் வேலைக்கான அனுமதிகளும் தேவைப்படும்: ஆர்டர் போடுவது என்றால் எந்த சேல்ஸ் ஆர்கனைசேஷன், எந்த ஆர்டர் வகை என்று. அவசரத்தில் எல்லா அனுமதியும் அடங்கிய சாப்-ஆல் கொடுத்துவிட்டு, 'அப்புறம் குறைத்துக்கொள்ளலாம்' என்பார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை. டெஸ்டில் குறைந்த அனுமதியோடு ஓட்டிப் பார்த்து, எஸ்.டி.ஆத்டிரேஸில் எது மறுக்கப்பட்டது என்று கண்டு, அதை மட்டும் சேருங்கள். இதற்கு ஒரு நாள் பிடிக்கும், ஆனால் செய்ய வேண்டிய வேலை.

யூசர் பூட்டிக்கொள்வது பற்றியும் ஒரு வார்த்தை. தவறான பாஸ்வேர்டு இத்தனை முறை வந்தால் பூட்டு என்று ஒரு பாராமீட்டர் உண்டு, பொதுவாக 5. மனிதன் இரண்டு தடவை தவறினால் நிறுத்தி யோசிப்பான். எதிர்முனை மென்பொருள் யோசிக்காது, ஒரே நிமிடத்தில் ஐந்து முறையும் முட்டிவிடும். நீங்கள் பூட்டைத் திறந்தால் மறுபடி முட்டும். ஆகவே பாஸ்வேர்டு மாற்றும்போது எதிர்முனையை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், இரு பக்கமும் மாற்றுங்கள், பிறகு ஓடவிடுங்கள்.

சான்றிதழ்கள்

எஸ்டிரஸ்ட் திரையைப் பார்த்தால் முதலில் மிரட்சியாக இருக்கும். இடப் பக்கம் ஏகப்பட்ட பெட்டிகள். உங்களுக்கு வேண்டியது மூன்று: எஸ்.எஸ்.எல். சர்வர் ஸ்டாண்டர்டு, எஸ்.எஸ்.எல். கிளையன்ட் ஸ்டாண்டர்டு, எஸ்.எஸ்.எல். கிளையன்ட் அனானிமஸ். சர்வர் பெட்டி, உங்களைக் கூப்பிடுபவர்களுக்கு உங்கள் அடையாளத்தைக் காட்டுவதற்கு. கிளையன்ட் பெட்டிகள், நீங்கள் கூப்பிடும்போது எதிரில் இருப்பவரை நம்பலாமா என்று பார்ப்பதற்கு.

வெளியே போகும் அழைப்புக்கு, எதிர்முனையின் ரூட் சான்றிதழையும் (அதை வழங்கிய நிறுவனத்தின் அடிப்படைச் சான்றிதழ்) இடைப்பட்ட சான்றிதழையும் கிளையன்ட் பெட்டியில் சேர்க்க வேண்டும். எந்தப் பெட்டியில்? எஸ்.எம்.59-ல் லாகின் அண்டு செக்யூரிட்டி தாவலில் எந்தப் பெட்டியைத் தேர்ந்திருக்கிறீர்களோ அதில். ஸ்டாண்டர்டைத் தேர்ந்துவிட்டு அனானிமஸில் சான்றிதழைச் சேர்த்துவிட்டு, 'எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது' என்று தலையைச் சொறிவது இந்தத் தொழிலில் தினசரிக் காட்சி. சேர்த்த பிறகும் ஏற்கவில்லை என்றால் எஸ்.எம்.ஐ.சி.எம்.மிலிருந்து ஐ.சி.எம்.மை மறுதொடக்கம் செய்யுங்கள், ஆனால் வேலை நேரத்தில் வேண்டாம். அப்போதும் இணைப்பு விழாவிட்டால் அதே திரையில் டிரேஸ் கோப்பை (நடந்ததைப் படிப்படியாகப் பதியும் லாக்) திறந்து பாருங்கள். 'பியர் செர்ட் அன்டிரஸ்டட்' என்று இருந்தால் சான்றிதழ் சேரவில்லை, அல்லது வேறு பெட்டியில் சேர்ந்திருக்கிறது. கைகுலுக்கலே நடக்கவில்லை என்று இருந்தால் டி.எல்.எஸ். (ஹெச்.டி.டி.பி.எஸ்.ஸுக்குப் பின்னால் இருக்கும் பாதுகாப்பு முறை) பதிப்பைப் பாருங்கள். டி.எல்.எஸ். 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சில் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டவை. குறைந்தது 1.2 வேண்டும்.

இனி சான்றிதழ் வேலை அடிக்கடி வரப்போகிறது. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2020 செப்டம்பர் முதல் 398 நாள் என்று இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். வருடத்துக்கு ஒருமுறை காலண்டரில் குறித்துவைத்துக் கையால் மாற்றும் பழக்கம் இனிமேல் எடுபடாது. எதிர்முனையின் இறுதிச் சான்றிதழை எஸ்டிரஸ்ட்டில் சேர்த்து வைத்திருந்தால் அது மாறும் ஒவ்வொரு முறையும் இணைப்பு விழும். ரூட்டையும் இடைப்பட்டதையும் சேர்த்து வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

கன்ஸ்யூமர்: இ-இன்வாய்ஸ்

சோப் முறையில் வெளியே கூப்பிட வேண்டுமென்றால் எஸ்.ஓ.ஏ.மேனேஜரில் லாஜிக்கல் போர்ட் (எதிர்முனையின் முகவரியும் லாகின் விவரமும் அடங்கிய அமைப்பு) ஒன்று போட வேண்டும். எதிர்முனை தரும் டபிள்யூ.எஸ்.டி.எல்.லைக் கொடுத்தால் பாதி விவரம் தானாக நிரம்பும். யூசர், பாஸ்வேர்டு, எந்த எஸ்.எஸ்.எல். பெட்டி என்பதை நீங்கள் நிரப்ப வேண்டும். பிங் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஆனால் பிங்கை ரொம்ப நம்ப வேண்டாம். சில எதிர்முனைகள் அதற்குப் பிழை காட்டும், உண்மையான அழைப்பு நன்றாகவே போகும்.

ஆனால் இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கப்போவது இ-இன்வாய்ஸ்தான். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். ஏற்றுமதி இன்வாய்ஸும் இதில் அடக்கம். எஸ்.ஏ.பி. இன்வாய்ஸ் விவரத்தை ஜேசானாக அனுப்பும், நேராகவோ ஜி.எஸ்.டி. சுவிதா புரொவைடர் (அரசு அங்கீகரித்த இடைநிலை நிறுவனம்) ஒருவர் வழியாகவோ. திரும்பி 64 எழுத்து ஐ.ஆர்.என்.னும் (இன்வாய்ஸ் பதிவு எண்), கையொப்பமிட்ட கியூஆர் கோடும் வரும். அவை வராமல் பில்லை அச்சடிக்க முடியாது. பில் இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டாது.

"இன்னா தம்பி, வண்டி கேட்லயே நிக்குது, பில்லு இன்னும் வரல? பள்ளிகொண்டா டோல் தாண்டி மெட்ராஸ் போய்ச் சேரணும்ல?"

"பாய், பத்து நிமிஷம் குடுங்க, பாத்துட்டு நானே போன் பண்றேன்."

அந்தப் பத்து நிமிடத்தில் எதைப் பார்ப்பது? முதலில் இன்டர்நெட் லைன். பல கம்பெனிகளில் இரண்டு லைன் இருக்கும், ஒன்று போனால் மற்றொன்று எடுத்துக்கொள்ளும். மாறியதும் உங்கள் வெளி ஐ.பி. முகவரியும் மாறிவிடும். எதிர்முனையில் பதிவு செய்யப்பட்ட ஐ.பி.யிலிருந்து மட்டுமே அழைப்பை ஏற்கிறார்கள் என்றால், இரண்டாம் லைனிலிருந்து போகும் அழைப்பை மறுத்துவிடுவார்கள். உலாவி திறக்கும், மெயில் போகும், இ-இன்வாய்ஸ் மட்டும் போகாது. இரண்டு லைனின் நிலையான ஐ.பி.யையும் முன்கூட்டியே பதிவு செய்து வையுங்கள். மழைக்காலத்தில் கேபிள் அறுந்த பிறகு பதிவு செய்யக் கிளம்பினால் அன்று வண்டி போகாது.

அடுத்து டைம்அவுட். அனுப்பியாயிற்று, பதில் வரவில்லை. கை தானாக மறுபடி அனுப்பப் போகும். நிறுத்துங்கள். ஐ.ஆர்.என். என்பது விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகியவற்றிலிருந்து உருவாகிறது. முதல் அழைப்பே வேலையை முடித்திருந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால், மறுமுறை 2150 என்ற பிழை வரும்: நகல் ஐ.ஆர்.என். இது தோல்வி அல்ல, ஏற்கெனவே போட்டாயிற்று என்ற செய்தி. ஆவண விவரத்தைக் கொடுத்து ஐ.ஆர்.என்.னைத் திரும்ப வாங்கும் ஏ.பி.ஐ. தனியாக இருக்கிறது. 2150 வந்தால் அதைக் கூப்பிடும்படி டெவலப்பரிடம் சொல்லி வையுங்கள். பதற்றத்தில் ரத்து செய்துவிட்டு அதே எண்ணில் புதிதாகப் போடலாம் என்று நினைக்காதீர்கள். ரத்து 24 மணி நேரத்துக்குள் முடியும்தான், ஆனால் ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது.

மூன்றாவது, டேட்டா. வெளிநாட்டு பையருக்கு ஜி.எஸ்.டி. எண் கிடையாது, அந்த இடத்தில் யூ.ஆர்.பி. (பதிவு பெறாதவர்) என்று போக வேண்டும். மாநிலக் குறியீடு 96, பின்கோடு 999999. கஸ்டமர் மாஸ்டரில் ஹாம்பர்க் பின்கோடு அப்படியே இருந்து அதுவே போனால் திரும்பி வந்துவிடும். உங்கள் பக்கத்தில் மாநிலக் குறியீடு 33-ம் பின்கோடும் பொருந்த வேண்டும். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் ஆம்பூர் ஆலையின் முகவரியில் வேலூர் மாவட்டம் என்றே இருந்தால், அதைக் காரணம் காட்டி இ-இன்வாய்ஸ் திரும்பாது. ஆனால் பையரின் ஆவணங்களோடு முரண்படும், நேரம் கிடைக்கும்போது திருத்திவிடுங்கள்.

ஜோடியும் சதுர அடியும்

தோல் தொழிலுக்கே உரிய ஒரு சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஷூ ஜோடிக் கணக்கில் போகிறது. எஸ்.ஏ.பி.க்குள் ஜோடியின் பெயர் பி.ஏ.ஏ. அதே ஜோடிக்கு வெப் சர்வீஸில் ஐ.எஸ்.ஓ. குறியீடு பி.ஆர்., ஜி.எஸ்.டி. தளத்தில் பி.ஆர்.எஸ். தோல் சதுர அடியில் போகிறது. எஸ்.ஏ.பி.யில் அது எஃப்.டி.2, ஐ.எஸ்.ஓ. குறியீட்டில் எஃப்.டி.கே., ஜி.எஸ்.டி.யில் எஸ்.கியூ.எஃப். ஐரோப்பிய பையர் சதுர மீட்டரில் கேட்டால் எம்.டி.கே. என்றும் ஒன்று சேரும்.

சி.யூ.என்.ஐ. என்ற டி-கோடில் ஒவ்வொரு அலகுக்கும் ஐ.எஸ்.ஓ. குறியீடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் அலகு இல்லாமல் செய்தி போகும், அல்லது பிழையோடு நிற்கும். ஜி.எஸ்.டி. குறியீட்டுக்குத் தனி மேப்பிங் பட்டியல் தேவை, பெரும்பாலும் டெவலப்பர் கம்பெனிக்கென்றே உருவாக்கிய ஒரு இசட் டேபிளாகச் செய்து வைத்திருப்பார். ஸ்டோரில் புதிய அலகு ஒன்றை யாராவது உருவாக்கினால் அந்தப் பட்டியலிலும் வரி சேர வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். பிழை வந்து நிற்கும் செய்தியைக்கூடச் சமாளிக்கலாம். சதுர அடி எண் சதுர மீட்டர் என்று பெயர் மாறிப் போய்விட்டால் பிழையே வராது. ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி. அந்த வித்தியாசத்தைக் கணினி கண்டுபிடிக்காது, பையரின் கணக்குப் பிரிவு கண்டுபிடிக்கும்.

சோதிப்பதும் கோளாறு தேடுவதும்

சோப் சர்வீஸை சோப்யூஐ வைத்தும், ரெஸ்டை போஸ்ட்மேன் வைத்தும் சோதிக்கலாம். முதலில் எஸ்.ஏ.பி. சர்வர் இருக்கும் அதே நெட்வொர்க்கிலிருந்து கூப்பிடுங்கள். அது நடந்தால் உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டிலிருந்து கூப்பிடுங்கள். உள்ளே நடந்து வெளியே நடக்கவில்லை என்றால் கோளாறு ஃபயர்வாலிலோ டிஸ்பாட்சரிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையே பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

பதிலே வராமல் நேரம் தீர்ந்தால் அழைப்பு எஸ்.ஏ.பி.யை எட்டவே இல்லை என்றுதான் முதலில் எண்ண வேண்டும். 503 என்றால் ஐ.சி.எம்.மோ பின்னால் இருக்கும் சர்வரோ தயாராக இல்லை. 404 என்றால் பாதை தவறு, யூ.ஆர்.எல்.லை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். 403 என்றால் பெரும்பாலும் எஸ்.ஐ.சி.எஃப்.பில் அந்தக் கிளை தூங்குகிறது. 401 என்றால் யூசரோ பாஸ்வேர்டோ கிளையன்ட் எண்ணோ தவறு, அல்லது யூசர் பூட்டிக் கிடக்கிறது. 500 வந்தால் உடனே சர்வர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். சோப் 1.1-ல் உள்ளே ஏற்படும் எந்தப் பிழையும் 500 என்ற உறையில்தான் வரும். உறையைத் திறந்து ஃபால்ட் செய்தியைப் படியுங்கள். 'கஸ்டமர் 4711 இல்லை' என்பது போன்ற சாதாரண விஷயமாக இருக்கும். அங்கேயும் தெளிவில்லை என்றால் எஸ்.ஆர்.டி. யூடிலில் எரர் லாக், எஸ்.டி.22-ல் டம்ப் (புரோகிராம் நடுவில் நின்றதன் பதிவு), ஆத்தரைசேஷன் சந்தேகம் என்றால் எஸ்.யூ.53-ல் அந்த யூசரின் பெயர். இவ்வளவுதான் தேடல்.

டெஸ்டிலிருந்து புரொடக்ஷனுக்கு

சர்வீஸின் வரையறை டிரான்ஸ்போர்ட்டில் (ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றங்களை நகர்த்தும் வசதி) போகும். ஆனால் பைண்டிங், லாஜிக்கல் போர்ட், எஸ்.எம்.59 டெஸ்டினேஷன், சான்றிதழ், யூசர் இவை எதுவும் கூடவே போகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிஸ்டத்திலும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒரு வகையில் இது நல்லதுதான், டெஸ்ட் முகவரி புரொடக்ஷனுக்குள் நுழையாது. டெஸ்டில் போடும்போதே ஒவ்வொரு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோப்பில் வையுங்கள், கோ-லைவ் ராத்திரியில் யோசிக்க வேண்டியிருக்காது. இதற்கு நேர்மாறான ஆபத்தும் ஒன்று உண்டு. புரொடக்ஷனைக் காப்பி எடுத்து டெஸ்ட் சிஸ்டத்தைப் புதுப்பிக்கும்போது புரொடக்ஷன் டெஸ்டினேஷன்களும் சேர்ந்து வந்துவிடும். காப்பி முடிந்ததும் எஸ்.எம்.59-ஐத் திறந்து வெளி முகவரிகளை மாற்றிவிட்டுத்தான் மற்றவர்களை உள்ளே விட வேண்டும். இல்லாவிட்டால் பயிற்சிக்குப் போட்ட பில்லுக்கு அசல் ஐ.ஆர்.என். வந்துவிடும்.

எஸ்.ஏ.பி.யின் பழைய பதிப்பான இ.சி.சி. 6.0-ஐ என்ஹான்ஸ்மென்ட் பேக்கேஜ் 6 முதல் 8 வரை ஏதாவது ஒன்றோடு வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு வழக்கமான பராமரிப்பு 2027 முடிவு வரைதான், அதற்கு முந்தைய பேக்கேஜ்களுக்கு 2025 முடிவு வரைதான். புதிய பதிப்பான எஸ்/4-க்கு மாறும் பேச்சு உங்கள் அலுவலகத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ப்ராஜெக்ட் தொடங்கும்போது முதலில் கேட்கப்படுவது நீங்கள் போட்டு வைத்த அந்த எக்செல் பட்டியலைத்தான்.

நேரமும் டிரேஸும்

ஜெர்மனி நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றமாட்டோம். இரவு 11 மணிக்கு ஸ்டாக் விவரம் அனுப்பும் ஜாப் அவர்களுடைய கட்ஆஃப் நேரத்தை ஒட்டி அமைந்திருந்தால், அந்தத் திங்களன்று ஒரு மணி நேரம் தவறிப்போகும். அந்த இரண்டு தேதிகளையும் காலண்டரில் குறித்து வையுங்கள். மாதக் கடைசி மூன்று நாளும் டெஸ்பாட்ச் நெருக்கடி இருக்கும் என்பதால் அப்போது ஐ.சி.எம். மறுதொடக்கம், சான்றிதழ் மாற்றம் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கோளாறு தேட டிரேஸ் போட்டிருந்தால் வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். டிரேஸ் கோப்பில் பையரின் விலையும், சில நேரம் பாஸ்வேர்டும் அப்படியே பதிவாகும். டிஸ்க்கும் நிரம்பும். எஸ்.ஆர்.டி. யூடிலில் போடும்போதே எந்த யூசருக்கு, எத்தனை நிமிடத்துக்கு என்று வரம்பு வைத்துப் போடுங்கள். ஐ.சி.எம். டிரேஸ் அளவை 3-க்கு ஏற்றியிருந்தால் அதைப் பழையபடி 1-க்கு இறக்குங்கள், பழைய கோப்பையும் ரீசெட் செய்யுங்கள்.